மடித்த நுனி

அத்தியாயம் 5

"என் தம்பி மாட்டுன ஒயரு கயண்டுக்காது மேடம்."

ஞானபாக்கியம் இதைக் கதவைத் திறந்ததுமே சொன்னாள். காபி கொடுக்கும்போது சொன்னாள். காலி டம்ளரை வாங்கிக்கொள்ளும்போதும் சொன்னாள். நான்காவது தடவை சொல்வதற்குள் மஜீது முந்திக்கொண்டார்.

"தெரிஞ்சுபோச்சும்மா. உன் தம்பி மாட்டுனா மாட்டுனதுதான். கல்யாணத்துக்குத் தாலி கட்ட அவனத்தான் கூப்புடணும் போல."

ஷாஸியா அவரை ஒரு பார்வை பார்த்தாள். மஜீது அவளுடைய அம்மாவின் தம்பி. சினிமா யூனிட்டுகளுக்கு ஜெனரேட்டர் வண்டி ஓட்டி முதுகு போனவர். வாய் மட்டும் போகவில்லை. ஷாஸியா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளைம் பிடிக்கிற வேலையில் இருந்தவள். அதை விட்டுவிட்டு வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் போட்டிருக்கிறாள். உண்மை என்று ஒன்று இருந்தால் அதைத் தோண்டி எடுத்தே தீருவாள். எடுத்த பிறகு அது யார் தலையில் விழுகிறது என்று பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

ராயபுரத்தில் அந்த மாடி வீட்டுக்குக் கீழே கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்றன. ஜன்னல் கம்பியில் கை வைத்தால் கரி ஒட்டியது. ஞானபாக்கியம் அடிக்கிற வெயிலிலும் மணிக்கட்டுவரை நீண்ட ஜாக்கெட் போட்டிருந்தாள். செத்துப்போன புருஷனின் பெயரை இதுவரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. 'அந்தாளு' என்றுதான் சொன்னாள்.

அந்த ஆள் ஆசீர்வாதம். சினிமாவில் ஃபைட்டர். எண்ணூரில் பாழடைந்த ஒரு யார்டில் வெப் சீரிஸ் ஷூட்டிங். அடுக்கி வைத்த கன்டெய்னர்களின் விளிம்பில் அவன் நிற்க வேண்டும். புகைக்குள்ளிருந்து ஜிம்மி ஜிப் என்கிற கேமரா கிரேனின் நீளக் கை, நுனியில் கேமராவைச் சுமந்துகொண்டு சீறி வந்து, அவன் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் நிற்க வேண்டும். கையைத் தள்ளுகிறவன் கீழே இருப்பான். புகையில் அவனுக்கு மேலே ஒன்றும் தெரியாது. எதிரே இருக்கிற மானிட்டர்தான் அவன் கண்.

கை பாதி தூரம் போகும்போது மானிட்டர் இருண்டது. கை நிற்கவில்லை. சும்மா நிற்கிற ஷாட்தானே என்று ஆசீர்வாதத்துக்குக் கயிறும் கட்டவில்லை. புகை கலைந்தபோது அவன் தரையில் கிடந்தான்.

மானிட்டரின் பின்னால் வீடியோ கேபிள் கழன்று தொங்கியது. யார் மாட்டியது என்று போலீஸ் கேட்டதும் கேமரா அசிஸ்டென்ட் அபின் கையைத் தூக்கினான். நான்தான் மாட்டினேன், டேப் ஒட்டினேன், ப்ளக்கின் லாக்கைத் திருக மறந்துவிட்டேன் என்றான். அபின் வேறு யாருமில்லை, ஞானபாக்கியத்தின் கூடப்பிறந்த தம்பி. ஒரே நாளில் அவள் புருஷனும் போனான், தம்பியும் போலீஸ் வண்டி ஏறினான்.

இப்போது அவன் நிபந்தனை ஜாமீனில் இருக்கிறான். தினமும் எண்ணூர் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். கவனக்குறைவு என்று தீர்ப்பு வந்தால் கொஞ்ச காலம் ஜெயில். அதைவிட, யூனியன் கார்டு போய்விடும். அதன் பிறகு எந்த செட்டுக்குள்ளும் காலெடுத்து வைக்க முடியாது. அவனுக்கு வேறு தொழில் தெரியாது. ஆனால் அவன் கேஸை நடத்தவே விரும்பவில்லை. தப்பு என்னுடையது, விடு என்கிறானாம். ஷாஸியாவைக் கூப்பிட்டது அவனுக்குத் தெரியாது.

"அவன் பொய் சொல்றான் மேடம். யாரயோ காப்பாத்திகினு கீறான். மறக்கற ஆளே இல்ல அவன்."

மஜீது எழுந்து வீட்டை நோட்டம் விட்டார். உள் அறைக் கதவில், வெளிப்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் இருந்தது. அது நகராதபடி கறுப்பு டேப் இறுக்கமாகச் சுற்றியிருந்தது.

"இன்னாம்மா, தாழ்ப்பாளுக்கு எலும்பு முறிஞ்சிபோச்சா? மாவுக்கட்டு போட்டு வெச்சிகிற?"

அவள் சிரிக்க முயன்றாள். அது தானாக விழுந்து விழுந்து மாட்டிக்கொள்ளும் என்றாள். ஷாஸியா எழுந்து செருப்பைத் தேடினாள்.

ஜிம்மி ஜிப்பின் சொந்தக்காரன் ஃபவாஸ். அன்றைக்குக் கையைத் தள்ளியவனும் அவனே. தண்டையார்பேட்டையில் வெங்காய மண்டிக்குப் பின்புறம் அவனுடைய குடோன். இரும்புக் கை துண்டு துண்டாகச் சுவரில் சாய்ந்திருந்தது. விபத்துக்குப் பிறகு யாரும் வாடகைக்கு எடுக்கவில்லை. சாவு விழுந்த சாமான் என்று பெயராகிவிட்டது. அவனும் பெட்டிகளைத் திறக்கவில்லை.

மஜீதுக்கு ஃபவாஸ் பழைய தோஸ்து. இருந்தும் ஸ்டூலைக்கூட எடுத்துப் போடாமல் நின்றான். போலீஸ் படம் பிடித்துவிட்டு மானிட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்றான்.

"மானிட்டர எடு" என்றாள் ஷாஸியா.

அவன் எடுத்தான். அதை மாட்டுகிற ஸ்டாண்டில் கேபிளின் ஒரு வளையம் பட்டையால் இறுகக் கட்டியபடியே இருந்தது. வளையத்தைத் தாண்டி ஒரு சாண் கேபிள். அதன் முனையில் ப்ளக். ப்ளக்கின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப்.

இந்த வளையம் எதற்கு என்று ஷாஸியா கேட்டாள். மஜீது சொன்னார்: கை ஆடும்போது கேபிள் இழுபடும். அந்த இழுப்பு ப்ளக்குக்குப் போகாமல் இந்தக் கட்டோடு நின்றுவிடும். செட்டில் எவன் எங்கே தடுக்கி விழுந்தாலும் ப்ளக்குக்கு ஒன்றும் ஆகாது. அதற்குத்தான்.

"அப்ப கட்டு அவுராம ப்ளக் மட்டும் எப்படிக் கழலும்?"

மஜீது வாயைத் திறந்தார். பீடியை வைத்து மூடிக்கொண்டார்.

ஷாஸியா ஒரு பழைய கேமராவை இணைக்கச் சொன்னாள். ப்ளக்கை மாட்டி, லாக்கைத் திருகி, இழுக்கச் சொன்னாள். ஃபவாஸ் இழுத்தான். ஸ்டாண்டே சாய்ந்து வந்தது, ப்ளக் அசையவில்லை. பிறகு லாக்கைத் திருகாமல், அந்த டேப்பை மட்டும் மேலே அழுத்தி ஒட்டி, ஸ்டாண்டை நன்றாக உலுக்கச் சொன்னாள். அப்போதும் படம் ஓடிக்கொண்டிருந்தது. டேப் அந்த அளவுக்குப் பிடித்திருந்தது.

"லாக் போட மறந்திருந்தாலும் தானா வுயாது போலகீதே ஷாஸி" என்றார் மஜீது.

அவள் டேப்பின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தாள். டேப்போடு ப்ளக்கும் கைக்கு வந்தது. சத்தமே இல்லை. மானிட்டர் இருண்டது.

ஃபவாஸ் பின்வாங்கிப் பெட்டியில் முட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் பார்த்த அதே இருட்டு. கேபிளில் கை வைக்காதவன் இப்படி உட்காரமாட்டான் என்று ஷாஸியா நினைத்தாள். இதுதான் நேரம் என்று தோன்றியது. இரக்கப்படுகிறவள் கொஞ்சம் தண்ணீர் கொடுத்திருப்பாள்.

"மானிட்டர் கேபிள அபின் மாட்டல. நீதான மாட்டுன?"

அவன் உடைந்துபோனான். மானிட்டர் எனக்குக் கண் மாதிரி, வேறு எவனையும் அதில் கை வைக்க விட்டதில்லை, அன்றைக்கும் நானே மாட்டினேன், நானே திருகினேன் என்றான். திருகினேன் என்றுதான் நினைத்தேன். ப்ளக் தொங்குவதைப் பார்த்ததும், ஐயோ மறந்துவிட்டோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. அதற்குள் அபின் முன்னால் போய்ப் பழியை ஏற்றுக்கொண்டுவிட்டான்.

"எனுக்கு மூணு பொண்ணு கீதுன்னு அவனுக்குத் தெரியும் மேடம். எனக்கோசரம்தான் ஏத்துகினான்னு நெனச்சேன். நானும் வாய மூடிகினு குந்திட்டேன். அன்னிலேர்ந்து கண்ண மூடுனா இந்த இருட்டுதான் வருது."

"இந்த டேப் நீ ஒட்டுனதா?"

ஃபவாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். இல்லை என்று தலையாட்டினான். அவன் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றிப் பல்லால் கடித்து அறுப்பவன். பிரிக்க வேண்டுமென்றால் பிளேடுதான். இது ஒரே துண்டு. நுனி ஒட்டாதபடி உள்பக்கமாக மடித்திருந்தது. அதுவும் நேராக இல்லை. இரண்டு மூலைகளையும் உள்ளே தள்ளி, சமோசா மாதிரி முக்கோணமாக மடித்து அழுத்தியிருந்தது.

செட்டில் கேமரா பசங்களுக்கு இது வழக்கம் என்று மஜீது விளக்கினார். ஷாட் மாறும்போது அவசரத்தில் டேப்பின் நுனியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஒட்டும்போதே நுனியை மடித்து விடுவார்கள். அடுத்து எடுக்கிறவன் பிடித்து இழுத்தால் போதும். முக்கோண மடிப்பை மட்டும் அவரும் பார்த்ததில்லை.

"நீ திருகி ஒட்டுனப்புறம் எவனோ வந்து பிரிச்சிகிறான். லாக்கத் தொறந்துட்டு, வெறும் டேப்ப ஒட்டிகிறான். அதுலயும் மடிச்சி வெச்சிகிறான் பாரு. கொலகாரனுக்கு இன்னா மரியாத. நம்ம ஏரியால பஸ்ல எடம் குட்க்க ஆளு இல்ல."

"அடுத்தவன் எடுக்கறதுக்குத்தான் மடிக்கிறது" என்றாள் ஷாஸியா. "இந்த வாட்டி மடிச்சவனே எடுத்திருக்கான்."

மானிட்டருக்குப் பக்கத்தில் அன்றைக்கு யார் யார் நின்றார்கள் என்று ஃபவாஸிடம் கேட்டாள். அவன் யோசித்தான். திரையைத் தவிர வேறு எதையும் பார்க்காதவன் அவன். பின்னால் கேபிள் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பான், யார் என்று திரும்பிப் பார்த்ததில்லை என்றான்.

ஷாஸியா ப்ளக்கையும் மடிப்பையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள். இதையெல்லாம் இப்படியே எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போ, லாக் போட்டது நான்தான் என்று எழுதிக் கொடு என்றாள். ஃபவாஸ் பயப்படவில்லை. பல நாள் வயிற்றில் வைத்திருந்ததைக் கக்கிவிட்டவன் போலத் தெளிந்துவிட்டான். அபினைக் காப்பாற்றப் போகிறோம் என்கிற சந்தோஷம் அவன் முகத்தில் வந்தது. சட்டையை மாற்றிக்கொண்டான்.

"நான் சொன்னா அபின் பொயச்சிடுவான்ல மேடம்?"

"கவனக்குறைவு கேஸ் நிக்காது" என்றாள் ஷாஸியா. அது உண்மைதான். அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வண்டியில் திரும்பும்போது மஜீது உற்சாகமாக இருந்தார். கேஸ் முடிந்தது, ராயபுரத்தில் போய் சூப் குடிக்கலாம் என்றார். யார் பிரித்தது என்பதைப் போலீஸ் தேடிக்கொள்ளட்டும் என்றார். ஷாஸியா போனில் அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள். சூப் கடையில் நிறுத்த வேண்டாம் என்றாள்.

ஞானபாக்கியம் படியிலேயே காத்திருந்தாள். ஷாஸியா நடந்ததைச் சொன்னாள். கேபிளை மாட்டியது ஃபவாஸ், லாக்கைத் திருகியதும் ஃபவாஸ், உன் தம்பி எதையும் மறக்கவில்லை. ஃபவாஸ் இதைச் சொல்ல ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். சிரித்தாள், அழுதாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

"நான் சொன்னேன்ல மேடம். யாரும் நம்பல. தம்பியும் அங்கதான் கையெழுத்துப் போடப் போய்கிறான். ரெண்டு பேரும் பாத்துக்குவாங்க. நல்லதாப் போச்சு."

ஷாஸியா அவளைத் தாண்டி உள்ளே போனாள். உள் அறைக் கதவுக்கு முன்னால் நின்றாள். தாழ்ப்பாளில் சுற்றியிருந்த டேப்பின் நுனியைத் தேடினாள். அது கீழ்ப்பக்கமாக இருந்தது. இரண்டு மூலைகளையும் உள்ளே தள்ளி, முக்கோணமாக மடித்திருந்தது.

"இத யார் சுத்துனது?"

"அபின்தான். அந்த மடிப்பு பாத்தீங்களா? அவன் யூனிட்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்களாம். அவன மாரி யாரும் மடிக்க மாட்டாங்க மேடம்."

பெருமையாகத்தான் சொன்னாள். ஷாஸியா போனை நீட்டினாள். ஞானபாக்கியம் படத்தைப் பார்த்தாள். முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பியின் மடிப்புதான், அதற்கென்ன என்பது போல் நிமிர்ந்தாள். மஜீது அதற்கு முன்பே புரிந்துகொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஷாஸியா சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஃபவாஸ் பூட்டி ஒட்டியதை உன் தம்பி பிரித்திருக்கிறான். லாக்கைத் திறந்துவிட்டு, ஒரு இழுப்பில் வருகிற மாதிரி வெறும் டேப்பை ஒட்டியிருக்கிறான். மானிட்டருக்குப் பின்னால் நின்றவன் அவன். கை பாதி தூரம் போகிறவரை காத்திருந்து நுனியை இழுத்திருக்கிறான். கவனக்குறைவு என்று அவனே ஒத்துக்கொண்டது ஃபவாஸைக் காப்பாற்ற இல்லை. கவனக்குறைவுக்குக் கொஞ்ச காலம்தான் ஜெயில். கொலைக்கு அப்படி இல்லை.

"ஏன்னு மட்டும் எனக்குத் தெரியாம இருந்தது. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வெச்ச ரூமப் பாத்தா அதுவும் தெரியுது. கையக் காட்டு."

ஞானபாக்கியம் காட்டவில்லை. ஜாக்கெட் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். தரையைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அந்த ஆள் ஷூட்டிங் போகும்போதெல்லாம் அவளை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவான். திரும்பி வருகிறவரை தண்ணீர்கூட இல்லை. அபின் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுத் தாழ்ப்பாள் நகராதபடி டேப் சுற்றினான். அந்த ஆள் வந்து டேப்பைப் பார்த்தான். அதற்காகத்தான் அவள் கையை உடைத்தான்.

"படியில வியுந்துட்டேன்னு தம்பிகிட்ட சொன்னேன். சரின்னு கேட்டுகினான். அந்தாளு செத்த அன்னிக்குக் காலைல வந்து மறுபடியும் புதுசா சுத்தினான். வாணாண்டா, பாத்தா இன்னோரு கையும் போயிடும்னு கெஞ்சினேன்."

நிறுத்தினாள். அடுத்து வரப்போவது அவளுக்கே இப்போதுதான் விளங்கியது என்பது முகத்தில் தெரிந்தது.

"இனிமே இத அவரு பிரிக்க மாட்டாருக்கான்னு சொன்னான்."

கீழே ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"ஃபவாஸ் அண்ணன அனுப்பறப்பவே ஒனுக்குத் தெரியுமா?" ஞானபாக்கியத்தின் பேச்சில் 'மேடம்' போய்விட்டிருந்தது.

"சந்தேகம் இருந்தது. தெரிஞ்சிக்கத்தான் இங்க வந்தேன்."

ஞானபாக்கியம் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். எடுத்துவிட்டான். பின்னணியில் ஃபவாஸின் குரல் கேட்டது. அவன் அழுதுகொண்டே யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தான்.

"க்கா, ஃபவாஸ் அண்ணன் வந்துகிறாரு. லாக்கு போட்டது அவருதான்னு எயுதிக் குட்துகினு கீறாரு. மானிட்டர் பின்னாடி யாரு நின்னான்னு இன்ஸ்பெக்டர் கேட்டுகினு கீறாரு." அபின் குரலைத் தாழ்த்தினான். "யாரு அவர இங்க அனுப்சது?"

ஞானபாக்கியம் ஷாஸியாவைப் பார்த்தாள். ஷாஸியா கையை நீட்டியிருந்தால் போனைக் கொடுத்திருப்பாள். ஷாஸியா நீட்டவில்லை.

"நான்தாண்டா" என்றாள் ஞானபாக்கியம்.

அவன், சரி விடுக்கா என்றான். வேறு யாரோ போனை வாங்கி அணைத்தார்கள்.

மஜீது படியில் இறங்கப் போனார். ஷாஸியா அவரை நிறுத்தி, வண்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்து வரச் சொன்னாள். அந்த டேப் வேண்டும், இரண்டு மடிப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தான் கேஸ் நிற்கும் என்றாள். மஜீது தன் அக்கா மகளை முதல் தடவை பார்க்கிறவர் போலப் பார்த்தார்.

"உனுக்கு நெஞ்சுல இன்னாதான் கீது ஷாஸி?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். கவரோடு திரும்பியும் வந்தார்.

அதற்குள் ஞானபாக்கியம் கதவுக்குப் போயிருந்தாள். தொடாதே என்று ஷாஸியா சொன்னது அவள் காதில் விழவில்லை. மடித்த நுனியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். அவ்வளவு இறுக்கிச் சுற்றியிருந்தது, சுரண்டாமல் கிழியாமல் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. பிடி விட்டதும் தாழ்ப்பாள் தன் பாரத்தில் சரிந்து டக்கென்று விழுந்தது.

அந்தச் சத்தத்துக்கு அவள் தோள் ஒடுங்கி, முகத்துக்கு நேரே கை உயர்ந்தது. அடிக்கிறவன் மண்ணுக்குள் போய்விட்டான், உடம்புக்கு அது தெரியவில்லை. கோர்ட்டில் அபினுக்குச் சாதகமாகச் சொல்ல இந்தப் பயம் ஒன்றுதான் இருந்தது. இதைக் கவரில் போட முடியாது.

கையை இறக்கி, டேப்பை ஷாஸியாவிடம் நீட்டினாள்.

"எனுக்கு ஈசியா வரணும்னுதான் மடிச்சி வெச்சிருந்தான் மேடம்."

ஷாஸியா அதைக் கவரில் போட்டு மூடினாள்.